பதினேழு கிலோ தண்ணீர்

பிரிக்பீல்ட்ஸ் சபையில் நீங்களும் டயாலிசிஸ் வேன் ஓட்டப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. உங்கள் பாஸ்டர் என்னை அழைத்து, "பிரதர், பன்னிரண்டு வருஷம் கிள்ளான்ல இந்த ஊழியம் செஞ்சிருக்கீங்க. நம்ம பிள்ளைங்களுக்கு உங்க அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்றார். அவர் எதிர்பார்த்தது நாலு வசனம் சேர்த்த ஒரு சாட்சி. உட்கார்ந்து யோசித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததோ, நான் ஒரு மனிதரைக் கடத்திக்கொண்டு போன கதை.

அதையே எழுதுகிறேன். வேனை எப்படிக் கழுவுவது, சக்கர நாற்காலியை எப்படி மடக்குவது என்பதெல்லாம் உங்களுக்குக் கொடுத்த காகிதத்தில் இருக்கிறது. மனம் பதறும்போது என்ன செய்வது என்று அந்தக் காகிதத்தில் இல்லை. அதை எழுதத் தகுதியான ஆள் நான்தான். ஏனென்றால் நான் ரொம்பவும் பதறுகிறவன். சபையில் என்னைத் தமாஷ்காரன் என்பார்கள். எந்தத் தமாஷ்காரனையும் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பயந்தாங்கொள்ளி ஒருவன் உட்கார்ந்திருப்பான். பதற்றம் வந்துவிட்டால் நான் கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் நன்றி சொல்ல ஆரம்பித்துவிடுவேன். கை தானாகப் போய் வேனின் வைப்பரைப் போட்டுவிடும். வெளியே கொளுத்தும் வெயில் அடித்தாலும் சரி.

இப்போது எனக்கு ஐம்பத்தாறு. முதுகு போய்விட்டது. சக்கர நாற்காலியைத் தூக்கியது போதும், இன்னும் தூக்கினால் நீங்களே அதில் உட்காரவேண்டி வரும் என்று டாக்டர் சொன்ன பிறகு சாவியைக் கொடுத்துவிட்டேன். கதை நடந்தபோது எனக்கு நாற்பத்து நான்கு. துறைமுகத்தில் நான் வேலை பார்த்த கப்பல் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்து மனைவியின் சமையலுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி பாஸ்டரிடம் போய், இவருக்கு ஆண்டவர் ஏதாவது ஊழியம் வைத்திருக்கிறாரா என்று கேட்டாள். மறுவாரமே வேன் சாவி என் கையில்.

கதைக்குள் போகும்முன் ஒரு சின்ன விஷயம். சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், மெஷின்தான் சிறுநீரகம். குடிக்கும் தண்ணீர் வெளியே போக வழி இல்லாததால் உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் டயாலிசிஸ் நிலையத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலை எடை பார்ப்பது. அவர்களுடைய சரியான எடைக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் தண்ணீர். இரண்டு கிலோ என்றால் பரவாயில்லை. மூன்று என்றால் மிஸ்ஸி முகத்தைச் சுளிப்பார். நாலு என்றால் அப்பா பெயரையும் சேர்த்து முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மிஸ்ஸி என்று நான் சொல்வது நர்ஸ் வசந்தியை. கிள்ளான் நிலையத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

நான் வேலையில் சேர்ந்து இரண்டாவது மாதம். தங்கராஜு என்று ஒரு புது நோயாளி வரப்போவதாகச் சொன்னார்கள். அறுபத்தெட்டு வயது. மனைவி இல்லை, மகள் தூரத்தில், ஜொகூரில். துறைமுகம் போகும் சாலையில் இருக்கும் அடுக்குமாடி வீடுகளில் சி புளோக், நாலாவது மாடி. சர்க்கரையால் வலது பாதத்தில் பாதி எடுத்தாகிவிட்டது. அதுவரை அரசாங்க மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தவர். காரில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறிப் போய்விட்டதால் சனிக்கிழமை போகவேண்டியது தவறிவிட்டது. ஆக, வியாழனுக்குப் பிறகு மெஷினைப் பார்க்காத உடம்பு. செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் நிலையத்தில் அவருக்கு முதல் நாள்.

மிஸ்ஸி வசந்தி முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தார். "டேவிட், இந்த மெஷின் நாற்காலிக்கு வரிசையில ஆளுங்க காத்திருக்காங்க. மொத நாளே ஆள் வரலன்னா நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டாகணும். அதைவிட, ஏற்கெனவே ஒண்ணு விட்டுப்போச்சு. இன்னொண்ணு விட்டா நெஞ்சுல தண்ணி ஏறிடும். புரியுதா?"

புரிந்தது என்றேன். புரிந்ததற்கு நன்றியும் சொன்னேன்.

தங்கராஜுவிடம் திங்கட்கிழமை போனில் பேசினேன். "நீங்க மேல ஏறி வர வேணாம் தம்பி. லிஃப்ட் இருக்கு. ஏழரைக்கு நானே கீழ வந்து நிக்கிறேன்" என்றார். நாலு மாடி ஏறவேண்டாம் என்றதும் எனக்கு இருந்த நிம்மதியில் வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

செவ்வாய் காலை ஏழரை. வேனில் ஏற்கெனவே மூன்று பேர். முன் இருக்கையில் திரேசா ஆன்டி. ஆறு வருடமாக டயாலிசிஸ் செய்துகொண்டு, அந்த ஆறு வருடத்தில் எல்லா டிரைவர்களையும் அழவைத்தவர். சி புளோக் கீழே வண்டியை நிறுத்தினேன். கல் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் ஊன்றுகோல், மடியில் ஒரு துணிப்பை. நம் வேனில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் திருநீறு பூசியவர்கள்தான், அதனால் அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாதம் இரண்டும் முழுசாக இருந்ததா என்று பார்த்தேனா? பார்க்கவில்லை. நான் பார்த்தது, உதவி தேவைப்படுகிற ஒரு ஆள். அது போதாதா எனக்கு?

பாய்ந்து இறங்கினேன். "ஸ்தோத்திரம் அங்கிள், வாங்க வாங்க" என்று கையைப் பிடித்தேன்.

"வணக்கம் தம்பி. சொன்ன டைமுக்கு வந்துட்டீங்களே" என்றார் அவர்.

பாருங்கள், சொன்ன டைமுக்கு என்கிறார். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? தோளில் கை கொடுத்து ஏற்றினேன். முதுகுக்குத் தலையணை வைத்தேன். பெல்ட் மாட்டினேன். ஏர்கோன் காற்று முகத்தில் படாமல் திருப்பிவிட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நல்லா கவனிக்கிறீங்க தம்பி. போன வருஷமெல்லாம் இப்படி இல்ல" என்றார். அரசாங்க மருத்துவமனையைச் சொல்கிறார் என்று நினைத்து, உள்ளுக்குள் நம் சபையைப் பற்றிக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

எல்லாரும் ஏறிய பிறகு, வண்டி புறப்படும்முன் ஜெபம். அது நம் வழக்கம், உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். ஜெப நேரத்தில் போனைச் சத்தமில்லாமல் வைக்கவேண்டும் என்பதும் வழக்கம். வைத்தேன். கண்ணை மூடினேன். அப்போது நான் புதுசு இல்லையா, என் ஜெபம் கொஞ்சம் நீளம். கிள்ளானில் ஆரம்பித்து, நாட்டுத் தலைவர்கள் வழியாக, ஆப்பிரிக்காவில் பட்டினி கிடக்கும் பிள்ளைகள் வரை போய்விட்டுத்தான் திரும்பும். அன்று, புதிதாக வந்திருக்கும் எங்கள் சகோதரரை நீரே தாங்கும், அவர் கூப்பிடும்போது அவருக்குச் செவிகொடும் என்று உருக்கமாக வேண்டிக்கொண்டேன். எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவர் அந்தப் பெரியவர்தான்.

"ஏழு நிமிஷம்" என்றார் திரேசா ஆன்டி கடிகாரத்தைப் பார்த்து. "நாளையிலேருந்து கிள்ளானோட நிறுத்திக்க. ஆப்பிரிக்காவை அங்க இருக்கிற சபை பாத்துக்கும்."

நிலையம் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு பத்து. பெரியவரைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப்போனேன். மிஸ்ஸி நோயாளிச் சீட்டைப் பார்த்துக்கொண்டே, "தங்கராஜுதானே?" என்றார்.

"ஆமா மிஸ்ஸி" என்றேன் நான்.

"நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சாரு?"

"அளவாத்தான் குடிச்சிருப்பாரு" என்றேன் நான்.

பெரியவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் தோளைத் தட்டி, "நீங்க பேச வேணாம் அங்கிள், மூச்சு வாங்கும்" என்றேன். இளம் தோழர்களே, இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். கேள்வி அவருக்கு. பதில் இரண்டு முறையும் என்னிடமிருந்து. அன்பாகத்தான் செய்தேன். அன்பாகச் செய்ததால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எடை மெஷினில் ஏற்றினோம். எழுபத்தொன்றரை.

மிஸ்ஸி சீட்டைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். சீட்டில் இருந்த சரியான எடை ஐம்பத்து நாலரை. "மெஷின் கெட்டுப்போச்சு போல. டேவிட், நீ ஏறு" என்றார். ஏறினேன். என் விஷயத்தில் மெஷின் துரதிருஷ்டவசமாகச் சரியாகவே இருந்தது.

"பதினேழு கிலோ தண்ணி" என்றார் மிஸ்ஸி மெதுவாக. "இந்த மனுஷன் எப்படி நின்னுக்கிட்டு இருக்காரு?"

"இவ்வளவு தண்ணிக்கு நிக்கக் கூடாது" என்றார் திரேசா ஆன்டி தன் நாற்காலியிலிருந்து. "மிதக்கணும்."

பதற்றத்தில் எனக்குப் பிரசங்கம் வந்துவிட்டது. "அங்கிள், இந்த உடம்பு ஆண்டவர் குடுத்தது. நாக்கைக் கட்டணும். தாகம் எடுத்தா ஒரு ஐஸ்கட்டியை வாயில வெச்சுக்கணும், இப்படிக் குடம் குடமா குடிக்கலாமா?"

"காலையில ஒரு கோப்பிதான் தம்பி குடிச்சேன்" என்றார் அவர், குற்றம் செய்தவர் மாதிரி.

அந்த நேரம் பார்த்துத் துணிப்பை சரிந்தது. உள்ளேயிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் எட்டிப்பார்த்தது. அதற்குக் கீழே ஒரு தேங்காய். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வாழைப்பழம் ஆகாது, தேங்காய்த் தண்ணீர் ஆகவே ஆகாது, இதயம் நின்றுபோகும் என்று சுவரில் படமே போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு இவர் இரண்டையும் வைத்திருக்கிறார். மிஸ்ஸி பையைச் சுட்டிக்காட்டினார்.

"இதெல்லாம் எதுக்குங்க?"

"அர்ச்சனைக்கு மிஸ்ஸி."

தண்ணீர் மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். மிஸ்ஸி நேரத்தை வீணாக்காமல் அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். "ஊசி போடுறது எந்தக் கை அங்கிள்?" டயாலிசிஸ் செய்பவர்கள் கையில் அதற்கென்று அறுவை செய்த தடம் புடைத்துக்கொண்டு தெரியும். வலது கையில் இல்லை. இடது கையில் இல்லை. பெரியவர் இரண்டு கையையும் இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"ஊசியா? மலை ஏறுறதுக்கு ஊசி வேறயா?"

"எந்த மலை?" என்றார் மிஸ்ஸி.

"பத்துமலை. நம்ம கோயில்லேருந்து பஸ் போட்டுக் கூட்டிட்டுப் போறாங்கல்ல. இருநூத்து எழுபத்திரெண்டு படி ஏறணும், வயசான ஆளுங்களை எடை பாத்து, பிரஷர் பாத்து அனுப்புறாங்கன்னு நெனச்சேன். இந்த வருஷம் ஏற்பாடு ரொம்ப ஒசத்தின்னு நெனச்சேன்."

மிஸ்ஸி சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"அங்கிள்" என்றேன், "வேன்ல இம்மாம் பெரிய சிலுவை வரைஞ்சிருக்கே."

"பாத்தேன் தம்பி. பஸ் கெட்டுப்போயி, அவசரத்துக்கு உங்ககிட்ட எரவல் வாங்கியிருப்பாங்கன்னு நெனச்சேன். ஜெபம் பண்ணீங்க. நல்ல ஜெபம்தான். கொஞ்சம் நீளம்."

"உங்க பேரு?"

"முனுசாமி. ஏ புளோக். சி புளோக் கீழதான் நிழல் இருக்கும்னு அங்க உக்காந்தேன். பேரை இப்பத்தான் கேக்குறீங்க."

அப்படியானால் தங்கராஜு எங்கே? போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது அழைப்புகள், ஒன்பதும் தங்கராஜுவிடமிருந்து. முதலாவது ஏழு முப்பத்து நாலுக்கு. கடைசியானது ஏழு நாற்பத்தொன்றுக்கு.

நான் எத்தனையோ விஷயங்களை மறந்திருக்கிறேன். இந்த ஏழு நிமிடத்தை மறக்க முடியவில்லை. அவர் கூப்பிடும்போது செவிகொடும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஆண்டவரை அல்ல, என்னை.

உடனே அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். வார்த்தைகளுக்கு நடுவே மூச்சு வந்து வந்து போனது.

"தம்பி, லிஃப்ட் கெட்டுப்போச்சு. படியில எறங்க முடியல. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"அங்கிள், மன்னிச்சிடுங்க, நான்..."

"பாத்தேன் தம்பி. ஜன்னல்லேருந்து. வேன் கீழ ரொம்ப நேரம் நின்னுச்சு. அப்புறம் வேற யாரையோ ஏத்திக்கிட்டுப் போயிட்டீங்க." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "ரொம்ப மரியாதையாத்தான் ஏத்துனீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என் மூளையில் அப்போது இருந்த திட்டங்களைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து ஏணி கேட்பது. இரண்டு, பாஸ்டருக்குப் போன் செய்து ராஜினாமா செய்வது. மூன்றாவது திட்டம் யோசிப்பதற்குள் மிஸ்ஸி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டார்.

"அங்கிள், நான் மிஸ்ஸி பேசுறேன். ஒரே மூச்சுல ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க, கேப்போம்."

போனில் அவர் எண்ணுவது எனக்கும் கேட்டது. ஏழில் நின்றது. பிறகு எட்டு, ஒன்பது, பத்து.

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். "ஏழு வரைக்கும் வருது. கூட்டிட்டு வா. போனதும் ஒதட்டைப் பாரு. நீலமா இருந்தா இங்க வராத, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு நேரா பெரியாஸ்பத்திரி. இல்லன்னா ஒம்பதே முக்காலுக்குள்ள இங்க இருக்கணும். அதுக்கு மேல அவரை மெஷின்ல மாட்டினா மத்தியானம் வர்ற ஆளுக்கு மெஷின் கிடைக்காது. போ."

நான் யோசித்ததில் ஏணி இருந்தது. அவர் யோசித்ததில் ஆள் இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

வேனுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் முனுசாமி அங்கிள் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை அவரே மாட்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஜேம், வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. நான் புலம்பிக்கொண்டே ஓட்டினேன். ஒரு லோரிக்காரன் வழி விட்டான், அவனுக்குக் கண்ணாடியை இறக்கி நன்றி சொன்னேன்.

"தம்பி" என்றார் முனுசாமி அங்கிள், "மழை இல்ல."

வைப்பரை நிறுத்தினேன்.

"நாலு மாடி எப்படி அங்கிள் எறக்குறது? என் ஒருத்தனால தூக்க முடியுமா?"

"ஒருத்தனால எதுக்கு?" என்றார். "கேரி தீவுத் தோட்டத்துல நான் எண்ணெய்க்கு வெட்டுற செம்பனைக் குலை ஏத்தின லோரி ஓட்டினவன். கனம் எவ்வளவுன்னு பாக்கக் கூடாது தம்பி, கை எத்தனைன்னு பாக்கணும்."

அடுக்குமாடிக்குள் வண்டியைத் திருப்பினேன். அங்கே, ஏழரைக்கு வருவதாகச் சொல்லிப் பிந்தி வந்து, எட்டேகாலுக்காவது புறப்பட்டிருக்க வேண்டிய கோயில் பஸ், எட்டே முக்காலுக்கும் நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் வேட்டியும் சேலையுமாக நாற்பது பேர் கீழே இறங்கி, கார்களுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தேடியது முனுசாமி அங்கிளை. அவர் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். சிலுவை போட்ட வேனிலிருந்து அவர் இறங்கியதும் கோயில் தலைவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் முனுசாமி, ஒரு மணி நேரம் கண்ணுல படலன்னா மதம் மாறிடுவியா?"

"இல்ல தலைவரே. எடை மட்டும்தான் பாத்தாங்க." பிறகு குரலை உயர்த்தினார். "அதெல்லாம் பஸ்ல சொல்றேன். சி புளோக் நாலாவது மாடியில ஒரு மனுஷன் மூச்சு முட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. லிஃப்ட் இல்ல. நம்ம கோயில்ல சாமி தூக்குறவங்க யாரு யாரு வந்திருக்கீங்க?"

நாலு பேர் முன்னால் வந்தார்கள். ஒவ்வொருவரும் கதவு அகலம். நான் யார், எந்தச் சபை, எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. "எத்தனையாவது வீடு?" என்று மட்டும் கேட்டார்கள்.

தங்கராஜுவின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ஜன்னல் ஓரத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, தலை வாரி, மருத்துவமனைக் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு. ஒன்பது முறை கூப்பிட்டு யாரும் எடுக்காத பிறகும் அவர் செருப்பைக் கழற்றவில்லை. உதட்டைப் பார்த்தேன். வெளுத்திருந்தது, நீலம் இல்லை.

நாலு பேரும் தோள் துண்டுகளை முறுக்கி அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள். என் வாய் பழக்கத்தில், "ஒரு சின்ன ஜெபம்..." என்று ஆரம்பித்துவிட்டது.

தங்கராஜு அங்கிள் கையை உயர்த்தினார். "கீழ போயி பண்ணுவோம் தம்பி. உங்க சின்ன ஜெபம் எவ்வளவு நேரம்னு நான் மேலேருந்து பாத்தேன்."

நாற்காலி மேலே எழுந்தது. வாசல்வரை வந்து நின்றுவிட்டது. நாலு பேரில் பெரியவர் போல இருந்தவர், "நில்லு நில்லு. கால் முன்னால போகுது. திருப்பு" என்றார்.

"திருப்புனா படியில தலைகுப்புற சாயும்ண்ணே" என்றார் இன்னொருவர்.

"அதுக்காக? கால் முன்னால வெச்சு வீட்டை விட்டுத் தூக்குறது எதுக்குன்னு தெரியும்ல? ஒடம்பு சரியில்லாத மனுஷனை அப்படித் தூக்கலாமா?"

"அப்ப சாமியை எறக்குற மாதிரி பின்பக்கமா எறக்குவோம்."

"சாமிக்கு முதுகு காட்டி நடப்பியா நீ?"

மணி ஒன்பது ஐந்து. நாலு பேரும் நாற்காலியைத் தோள் உயரத்தில் வைத்துக்கொண்டே விவாதித்தார்கள். மூன்றாவது ஆள் பக்கவாட்டில் போகலாம் என்று புதிதாக ஒரு வழி சொன்னார். எனக்கு ஒரு கருத்து இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். அந்தக் காலையில் நான் செய்த முதல் புத்திசாலித்தனம் அது. பிறகு, "அங்கிள், எப்படித் தூக்கினா உங்களுக்கு வசதி?" என்றேன்.

எல்லாரும் அப்போதுதான் நாற்காலியில் ஒரு ஆள் இருப்பதைப் பார்த்தார்கள்.

"கால் முன்னால" என்றார் தங்கராஜு அங்கிள். மூச்சு இழுத்துக்கொண்டார். "முதுகு சாஞ்ச மாதிரி இருந்தா மூச்சு இன்னும் முட்டும். நிமிர்த்தித் தூக்குங்க. பொணம் இப்படிப் பேசாது. எறக்குங்க."

இறக்கினார்கள். அப்படி ஒரு இறக்கத்தை நான் பார்த்ததில்லை. முன்னால் இருந்த இருவரும் தோளை உயர்த்தி, பின்னால் இருந்த இருவரும் முழங்காலை மடக்கி, நாலு மாடிப் படியிலும் நாற்காலி ஒரு பக்கம்கூடச் சாயவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் குரல் கொடுக்க, மற்ற மூவரும் கால் மாற்றினார்கள். வருடம் வருடமாகச் சாமியை அசையாமல் தூக்கிப் பழகிய தோள்கள். என் பங்கு, பின்னால் அவருடைய ஊன்றுகோலையும் காகிதங்களையும் தூக்கிக்கொண்டு வந்தது. கீழே பஸ்ஸில் இருந்த பெண்கள் அவர் வருவதைப் பார்த்ததும் கைகூப்பிவிட்டார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

நான் அவர்களுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தேன். முனுசாமி அங்கிள் என்னை வேனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

தோழர்களே, ஜெபிக்காதீர்கள் என்று நான் எழுதவில்லை. அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம், ஒரு நாள் தவறாமல் அந்த வேனில் ஜெபித்தேன். ஆனால் முதலில் ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்பேன், தினமும் பார்க்கிறவராக இருந்தாலும். போன் மடியில் இருக்கும், சத்தத்தோடு. நடுவில் அடித்தால் எடுப்பேன். ஆண்டவரை ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஒருவேளை பேசுவது அவர்தானோ என்னவோ, எடுத்துப் பார்த்தால்தானே தெரியும். பசித்தவனுக்குச் செய்தது எனக்கே செய்தது என்று சொன்னவர் அவர். பிரசங்கத்தில் இதைக் கேட்டுத் தலையாட்டுவது சுலபம். கீழே நின்று மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்ப்பதற்குத்தான் நமக்கு நேரம் இருப்பதில்லை.

நிலையத்துக்கு வந்தபோது மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. ஏழு நிமிடம் தாமதம். மிஸ்ஸி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"மெஷின் இன்னும் கழுவி முடியல" என்றார் அவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "இன்னைக்குக் கழுவ ரொம்ப நேரம் ஆகுது. மத்தியான ஆளுக்குச் சொல்லிட்டேன், அரை மணி லேட்டா வரச் சொல்லி. எடை பாரு."

அறுபத்தொன்று. ஆறரை கிலோ தண்ணீர். மிஸ்ஸி முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுக்கக் கூடாது அங்கிள். இன்னைக்குக் கொஞ்சம், நாளைக்கு மறுபடி வாங்க. டேவிட் மேல ஏறி வந்து கூப்பிடுவான்" என்றார். நான் தலையாட்டினேன். நாலு மாடி. நாளைக்கும் லிஃப்ட் வராது என்பது எனக்குத் தெரியும்.

கையில் ஊசி ஏறியது. குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டேன், பண்ணுங்க என்றார். இரண்டு வாக்கியத்தில் முடித்தேன். நாற்காலியின் முதுகைக் கொஞ்சம் சாய்க்கலாமா என்று கேட்டேன். அவர் பயந்தார். வியாழனுக்குப் பிறகு படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேதான் கண் மூடுகிறேன் என்றார். ஒரு மணி நேரம் போனதும் மிஸ்ஸி வந்து ஒரு விரல் அளவு சாய்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு விரல். மூச்சைக் கவனித்துக் கவனித்து, கொஞ்சம் கொஞ்சமாக, மத்தியானத்துக்குள் அவர் ஏறக்குறைய படுத்துவிட்டார்.

நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு குறட்டை கேட்டது. சாதாரணக் குறட்டை அல்ல. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"டேவிட்" என்றார் திரேசா ஆன்டி. "அந்தாளை எழுப்பு லா. என் டிவி நாடகத்துல ஒரு வார்த்தை காதுல விழல."

அந்த இரண்டு மாதத்தில் ஆன்டி சொல்லி நான் செய்யாத வேலை கிடையாது. அவர் வெந்நீர் கேட்டால் ஓடுவேன், கால் பிடிக்கச் சொன்னால் பிடிப்பேன்.

"முடியாது ஆன்டி" என்றேன்.

ஆன்டி என்னை ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பித் தங்கராஜுவைப் பார்த்தார். வாய் திறந்திருக்க, மார்பு ஏறி இறங்க, மல்லாந்து கிடந்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஊசி இல்லாத கையை நீட்டி ரிமோட்டை எடுத்த ஆன்டி, டிவியை அணைத்துவிட்டார்.